பூட்டிய நாடு, திறந்த வீடுகள்

1950 ஜனவரியில் காமன்வெல்த் நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். இந்தியாவிலிருந்து நேரு போயிருந்தார். பிரிட்டனிலிருந்து எர்னஸ்ட் பெவின் உடம்பு சரியில்லாத நிலையிலும் வந்திருந்தார். ஆஸ்திரேலியாவுக்காகப் பேசியவர் பெர்சி ஸ்பெண்டர், இலங்கைக்காக ஜே.ஆர். ஜெயவர்த்தன. சீனாவில் மாவோ ஆட்சியைப் பிடித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆசியாவின் வறுமையை அப்படியே விட்டுவைத்தால் அடுத்தடுத்த நாடுகளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்ற பயம் அந்தக் கூட்டத்தில் பலருக்கும் இருந்தது. அந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான் கொழும்புத் திட்டம். 1951 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. பணமும் இயந்திரமும் நிபுணர்களும் நாடு விட்டு நாடு போனார்கள். ஆனால் இன்றைக்கு அந்தத் திட்டத்தின் பெயரைச் சொன்னால், ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போன மாணவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

மலாயா, இந்தோனேசியா, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் எனப் பல நாடுகளிலிருந்தும் பொறியியலும் மருத்துவமும் விவசாயமும் ஆசிரியப் பயிற்சியும் படிக்க இளைஞர்கள் கப்பல் ஏறினார்கள். 1980களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 20,000 பேர் இந்த உதவித்தொகையில் படித்தார்கள். சொந்தச் செலவில் வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. பின்னாளில் இந்தோனேசியாவின் துணை அதிபரான போடியோனோ இந்தத் திட்டத்தில் வந்தவர்தான். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் 1967இல் பொருளாதாரப் பட்டம் வாங்கினார். சரவாக்கின் முதலமைச்சராக முப்பதாண்டுக்கு மேல் இருந்த தயிப் மஹ்மூத் அடிலெய்டில் சட்டம் படித்தவர்.

இவர்கள் போய் இறங்கிய நாட்டில் அப்போது நிலவிய சட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1901இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் முதன்முதலாகக் கூடியதுமே இயற்றிய சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெள்ளையர் அல்லாதவர் குடியேறக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அதை வெளிப்படையாக எழுதாமல், ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிப்பார்கள், அதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று ஒரு சோதனை வைத்தார்கள். எந்த மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்வார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கு வேறொரு மொழியில் வைத்தால் போதும், கதை முடிந்தது. அந்தச் சோதனை 1958 வரை சட்டத்தில் இருந்தது. கொழும்புத் திட்ட மாணவர்கள் முதல் ஏழு வருடம் அந்தச் சட்டம் ஆண்ட நாட்டில்தான் பாடம் படித்தார்கள். படிக்கலாம், பட்டம் வாங்கலாம், முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். அவர்களை அழைத்த அரசுதான் அவர்களைப் போன்றவர்கள் குடியேறக் கூடாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படி இருந்தும் அந்த மாணவர்களில் பலர் ஆஸ்திரேலியக் குடும்பங்களுக்குள் போய் வாழ்ந்தார்கள். இன்று ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் இருக்கும் அதே நாட்டில், ஓர் ஆஸ்திரேலியர் வீட்டுக்குள் ஒருமுறைகூடப் போகாமல் பட்டம் வாங்கித் திரும்புபவர்கள் ஏராளம். இது ஏன் இப்படி ஆயிற்று என்பது என்னை வெகுநாளாக உறுத்தும் கேள்வி.

அன்று இடமே வேறு மாதிரி இருந்தது. பல்கலைக்கழக விடுதிகள் குறைவு. அதனால் வீட்டில் ஓர் அறை மிச்சமிருந்தவர்கள் மாணவர்களைச் சாப்பாட்டோடு தங்க வைத்துக்கொண்டார்கள். ரோட்டரி சங்கங்களும், தேவாலயங்களும், ஒய்.டபிள்யூ.சி.ஏ.வும், கிராமப்புறப் பெண்கள் சங்கங்களும் இந்த மாணவர்களைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டன. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆட்டுப் பண்ணைகளுக்குக் கூட்டிப்போவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முறை வைத்து அழைப்பார்கள். மெல்போர்னில் பல நாட்டு மாணவர்களும் சேர்ந்து வாழ ஒரு விடுதி வேண்டும் என்று மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நிதி திரட்டினார்கள். 1957இல் திறந்த இன்டர்நேஷனல் ஹவுஸ் இன்றும் நடக்கிறது.

மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெரியவரை எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பொறியாளர். 1960களில் சிங்கப்பூரிலிருந்து ஃப்ரீமேன்டில் போகும் சென்டார் கப்பலில் ஏறி, பெர்த்திலிருந்து ரயிலில் மெல்போர்ன் வந்தவர். திரும்பும் பயணங்களில் அந்தக் கப்பல் ஆடு மாடுகளையும் ஏற்றிக்கொண்டுதான் வரும் என்பார். கோபர்க் பகுதியில் ஒரு வயதான தம்பதி வீட்டில் அறை. மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு. ஆட்டிறைச்சி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பட்டாணி. அந்த வீட்டில் அரிசி என்றால் பாலும் சர்க்கரையும் போட்டு வேகவைத்த இனிப்புதான். சோற்றில் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவோம் என்று இவர் சொன்னபோது வீட்டுக்கார அம்மாவுக்கு நம்பவே முடியவில்லையாம்.

மூன்றாம் மாதம் இவருடைய அம்மா மைலோ டின்னில் மசாலாத்தூள் அடைத்துத் தபாலில் அனுப்பினார். ஒரு சனிக்கிழமை இவர் கோழிக்குழம்பு வைத்தார். வீட்டிலிருந்த ஜன்னல்களையெல்லாம் அந்த அம்மா திறந்து வைத்தார். வீட்டுக்காரர் ஒரு கவளத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், ஆனாலும் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரே இறைச்சிக் கடைக்குப் போய்க் கோழி வாங்கி வந்து இவர் கையில் கொடுத்தாராம்.

பிறகு கடிதங்கள் தொடங்கின. வீட்டுக்கார அம்மா நீல நிற ஏரோகிராமில் ஈப்போவுக்கு எழுதுவார்: உங்கள் மகன் நன்றாக இருக்கிறான், குளிருக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்திருக்கிறேன். ஈப்போ அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்து வீட்டு ஆசிரியர் படித்துச் சொல்வார். அம்மாவிடமிருந்து வரும் தமிழ்ப் பதிலை மகன்தான் ஆங்கிலமாக்கி வாசித்துக் காட்ட வேண்டும். “ராத்திரி வெகுநேரம் வெளியே சுத்துறானா, கண்டிச்சு வையுங்கம்மா” என்ற வரியை மட்டும் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டு வாசித்ததாக அவர் என்னிடம் சொன்னார். ஒருவரையொருவர் பார்க்காமலே இரண்டு தாய்மார்கள் ஐந்து வருடம் ஒரு பையனை வளர்த்தார்கள். அவர் கல்யாணத்துக்கு அந்த அம்மா ஈப்போ வந்து, சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்த படம் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இப்படி எல்லாருக்கும் அமையவில்லை. அறை கேட்டுப் போன இடத்தில் முகத்தைப் பார்த்ததும் இப்போதுதான் ஆள் வந்துவிட்டார் என்று கதவைச் சாத்தியவர்கள் இருந்தார்கள். அன்பாக இருந்த வீடுகளிலும் மாணவன் என்றைக்கும் விருந்தாளிதான். நன்றியோடு இருக்க வேண்டும், தன் நாட்டைப் பற்றிக் கேட்பதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், அந்த வீட்டு வழக்கத்தை ஒட்டி நடந்துகொள்ள வேண்டும். சமமானவர்களுக்கு இடையே வரும் நட்பு அதில் பாதிதான் இருந்தது. அதை மறைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பாதி நட்பே பெரிய காரியம் ஒன்றைச் செய்தது. தன் வீட்டு மேசையில் நான்கு வருடம் சாப்பிட்ட பையன் இந்த நாட்டில் வாழத் தகுதியற்றவன் என்று சட்டம் சொல்வதை அந்தக் குடும்பங்கள் எத்தனை நாள் ஏற்றுக்கொள்ளும்? மெல்போர்ன் பல்கலைக்கழகத்தை ஒட்டிச் செயல்பட்ட குடியேற்றச் சீர்திருத்தக் குழு என்ற சிறிய குழு, நிறத்தடையை நீக்கக் கோரி 1960இல் ஒரு பிரசுரம் வெளியிட்டது. அவர்கள் அடித்துச் சொன்ன ஒரு வாதம் எளிமையானது: ஆசியர்களோடு நாம் ஏற்கெனவே பழகிக்கொண்டுதான் இருக்கிறோம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 1966இல் ஹரோல்ட் ஹோல்ட் அரசு தடையைத் தளர்த்தியது. 1973இல் விட்லம் அரசு நிறத்தை அடியோடு கணக்கிலிருந்து எடுத்தது. ஆசிய நாடுகளோடு வணிகம், உலக அரங்கில் கெட்ட பெயர் என்று காரணங்கள் பல. அந்த வீட்டு மேசைகளையும் அவற்றோடு சேர்த்தே நான் எண்ணுகிறேன்.

அதன்பின் பணம் உள்ளே வந்தது. 1974இல் விட்லம் பல்கலைக்கழகக் கட்டணத்தையே ஒழித்தார். அந்தக் காலம் நீடிக்கவில்லை. சில வருடங்களிலேயே வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் வந்தது. 1985இல் முழுக் கட்டணம் கட்டிச் சேரும் வழி திறந்தது. 1990 முதல் புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர் ஒவ்வொருவரும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றாயிற்று. உதவியாகக் கொடுத்த கல்வி ஏற்றுமதிச் சரக்காக மாறியது. இரும்புத்தாது, நிலக்கரிக்கு அடுத்த வரிசையில் வைத்துப் பேசப்படும் அளவுக்கு அந்த வருமானம் வளர்ந்தது. மலேசியாவில் 1970களில் இன ஒதுக்கீடு வந்தபின் உள்ளூரில் இடம் கிடைக்காத சீன, தமிழ்க் குடும்பங்கள் வீட்டை அடகு வைத்துப் பிள்ளைகளை அனுப்பின. அவர்களுக்குப் பின்னால் ஹாங்காங், சீனா, இந்தியா, வியட்நாம், நேபாளம் என்று வரிசை நீண்டது.

விருந்தாளியாக வந்தவன் வாடிக்கையாளன் ஆனான். வாடிக்கையாளனை யாரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை. ரோட்டரிக்காரர்கள் மனம் கெட்டுப்போனார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சிட்னி, மெல்போர்ன் பல்கலைக்கழகங்களில் இப்போது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் வெளிநாட்டு மாணவர்கள். அவ்வளவு பேரையும் எந்த மாதர் சங்கம் கூப்பிட்டு உட்காரவைக்கும்? அன்றைக்குச் சங்கங்கள் செய்ததை, இன்றைக்குக் கட்டணம் வாங்குபவர்கள் செய்திருக்க வேண்டும். அவர்கள் அறிமுக வாரம் ஒன்று வைத்து, இலவசப் பையும் பீட்சாவும் கொடுத்து, அத்தோடு முடித்துக்கொண்டார்கள்.

அதன் விளைவு 2009இல் வெளியே தெரிந்தது. மெல்போர்னில் இரவு ஷிஃப்ட் முடித்து ரயிலில் வீடு திரும்பிய இந்திய மாணவர்கள் அடிக்கப்பட்டார்கள், குத்தப்பட்டார்கள். அந்த ஆண்டு மே 31 அன்று ஆயிரக்கணக்கானோர் நகரின் நடுவே திரண்டு ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையச் சந்திப்பை மறித்தார்கள். அந்தப் பையன்கள் பல வருடங்களாக அந்த நகரத்தின் டாக்ஸிகளை ஓட்டினார்கள், பெட்ரோல் பங்குகளில் இரவு முழுக்க நின்றார்கள். அவர்களுக்காகப் பேச ஒரு பக்கத்து வீட்டுக்காரர்கூட இல்லாமல் இருந்தது. 2010 பிப்ரவரி 24 அன்று மெல்போர்ன்காரர்கள் சிலர் தொடங்கிய அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் இந்திய உணவகங்களுக்குப் போய்ச் சாப்பிட்டு வன்முறைக்கு எதிர்ப்புக் காட்டினார்கள். விண்டலூ என்ற கோவா குழம்பின் பெயரில் நடந்த அந்த நிகழ்வில் நல்ல மனம் இருந்தது. ஆனால் சமைத்தவரும் பரிமாறியவரும் ஒரு பக்கம், சாப்பிட்டவர் மறுபக்கம். ஒரே மேசையில் உட்காரும் வழக்கம் அதற்குள் போய்விட்டிருந்தது.

இன்று நட்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஷேர் ஹவுஸுக்குப் போக வேண்டும். மொனாஷ் பல்கலைக்கழகம் இருக்கும் கிளேட்டனில் அப்படி ஒரு வீட்டுக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவனைப் பார்க்கப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கம், ஐ.டி. முதுகலை. மூன்று படுக்கையறை, ஆறு பேர். நேபாளிகள் இருவர், கொலம்பியப் பெண் ஒருத்தி, யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன், வியட்நாம் மாணவி ஒருத்தி. ஃபிரிட்ஜில் ஒவ்வொரு தட்டிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. ரைஸ் குக்கர் பொது. அதில் சோறு குறைந்தால் யார் கடைசியாக எடுத்தார்களோ அவர்கள் மறுபடி வைக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஃப்ரீஸரின் கீழ்த்தட்டு மாட்டிறைச்சிக்கு. அதைச் சமைக்க ஒரு தனிச் சட்டி உண்டு, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். இதெல்லாம் முதல் மாதத்தில் நடந்த பெரிய சண்டைக்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு.

“மாட்டுக்கறியாலதான் சண்டையா?” என்று கேட்டேன்.

“அது ரெண்டாவதுங்க அண்ணா. முதல் சண்டை நண்டுக் குழம்புக்கு. நம்ம யாழ்ப்பாணத்துத் தம்பி வச்ச வாசனை கொலம்பியாக்காரிக்குத் தாங்கல. இப்ப அவளே கேட்டு வாங்கிச் சாப்பிடுறா.”

தீபாவளி சமயத்தில் நேபாளிகளுக்குத் திஹார். ஐந்து நாள் பண்டிகை. கடைசி நாள் அக்கா தங்கைகள் சகோதரர்களுக்கு நெற்றியில் பல வண்ணத்தில் திலகமிட்டு மாலை போடுவார்கள். அந்த வீட்டு நேபாளிப் பெண் தன் தம்பி ஊரில் இருப்பதால், வீடியோ காலில் அவனுக்குக் காட்டிக்கொண்டே இந்தப் பையனை உட்கார வைத்துத் திலகமிட்டிருக்கிறாள். ஊரிலிருந்து வரும்போதே காய்ந்த மாலை ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மாலையைக் கையில் வாங்கிப் பார்த்தால் வாடாமல்லி. தன் அம்மா வீட்டுக் கொல்லையில் வைத்திருக்கும் அதே பூ, காத்மாண்டுவிலிருந்து மெல்போர்ன் வரை நிறம் மாறாமல் வந்திருக்கிறதே என்று அவன் ஆச்சரியத்தோடு சொன்னான். அன்றிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். அவளுக்கு இரவு ஷிஃப்ட் இருந்தால் பஸ் ஸ்டாப்புக்குப் போய்க் கூட்டிவருகிறான்.

கோபர்க் வீட்டில் இருந்ததைவிட இந்த நட்பு ஒரு விதத்தில் மேலானது. இங்கே யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. வாடகை பங்கு போட்டவர்கள், உரிமையோடு சண்டை போடுவார்கள். நன்றிக்கடன் என்ற பாரம் யார் தலையிலும் கிடையாது. 2020இல் கொரோனா வந்து, குடிமக்களுக்குக் கொடுத்த ஊதிய உதவி வெளிநாட்டு மாணவர்களுக்கு இல்லை என்றானபோது, கையில் காசில்லாதவர்கள் ஊருக்குக் கிளம்பும் நேரம் இது என்று பிரதமர் ஸ்காட் மாரிசன் சொன்னபோது, இந்த மாதிரி வீடுகள்தான் பலரைக் காப்பாற்றின. வேலை போனவன் வாடகையை வேலை இருந்தவர்கள் கட்டினார்கள். சீக்கிய தன்னார்வலர்கள் மெல்போர்னில் வேன்களில் சாப்பாடு ஏற்றிவந்து கொடுத்தார்கள். யார் எந்த நாடு என்று கேட்கவில்லை. 2021 டிசம்பர் வரை எல்லை பூட்டியே கிடந்தது. அப்பா சாவுக்குப் போக முடியாமல் வீடியோவில் பார்த்து அழுதவனை, மொழி தெரியாத ஒரு வியட்நாமியப் பெண் இரவு முழுக்கத் தூங்காமல் காபி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கதையை அந்தக் கிளேட்டன் வீட்டில்தான் கேட்டேன்.

ஆனால் அந்த ஆறு பேரில் ஆஸ்திரேலியர் ஒருவரும் இல்லை. வகுப்பில் நண்பர்கள் உண்டா என்று கேட்டேன். குழு அசைன்மென்டுக்கு வாட்ஸ்அப் குரூப் போடுவோம், மார்க் வந்ததும் குரூப் அமைதியாகிவிடும் என்றான். உள்ளூர்ப் பிள்ளைகளும் பாவம், வேலைக்குப் போய்விட்டு, வீட்டிலிருந்தே ஆன்லைனில் பாடம் பார்க்கிறார்கள். வளாகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நட்புக்கு முதலில் வேண்டியது சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம். ஈப்போ பெரியவருக்கு உதவித்தொகை இருந்தது, மாலைப் பொழுதுகள் அவர் கையில் இருந்தன. இந்தப் பையனுக்குப் பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்ய அனுமதி. அதை ஒரு நிமிடம் விடாமல் வேலை செய்தால்தான் வாடகையும் கடன் வட்டியும் கட்ட முடியும். 2024 ஜூலைக்கு முன் 710 டாலராக இருந்த மாணவர் விசாக் கட்டணம் 1,600 ஆகி, ஒரே வருடத்தில் 2,000 ஆயிற்று. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. இவ்வளவு கொடுத்து வருகிறவனிடம் போய்க் கலாசாரப் பரிமாற்றம் செய் என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே தோசை கிடைப்பதும் பழகாமல் இருக்க ஒரு காரணம் என்று சிலர் குறைபடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைக்கு மைலோ டின்னுக்காக மூன்று மாதம் காத்திருந்தவர்கள், இப்போது டாண்டினாங்கில் கறிவேப்பிலை வாங்க முடிகிறதே என்று சந்தோஷப்படுகிறார்கள். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் வெள்ளிக்கிழமை பிரசாதம் சாப்பிட்டுவிட்டு வரும் மாணவனுக்கு, அடுத்த நாள் வேற்று நாட்டவரோடு பேசத் தெம்புதான் கூடும். பசித்தவனைப் பழகச் சொல்வதைவிட, சாப்பிட்டவனைப் பழகச் சொல்வது சுலபம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சிட்னியில் 1967இல் திறந்த இன்டர்நேஷனல் ஹவுஸ், உள்ளூர் மாணவரும் வெளிநாட்டு மாணவரும் ஒரே கூடத்தில் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டது. 2020 இறுதியில் அதை மூடினார்கள். நகரங்களில் இன்று உயர்ந்து நிற்பவை தனியார் மாணவர் அடுக்குமாடிகள். ஓர் அறைக்குள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை. பல மாடிகளில் நூற்றுக்கணக்கான பேர் இருப்பார்கள், லிஃப்டில் மட்டும் சந்திப்பார்கள். கிளேட்டனின் நெரிசலான வீட்டில் ஆறு பேர் கற்றுக்கொண்டதை அங்கே வாரம் நானூறு ஐந்நூறு டாலர் கொடுத்தும் கற்க முடியாது. பொதுச் சமையலறையும் நீளமான மேசையும் வைத்துக் கட்ட அதிகச் செலவாகாது. விற்க வசதியில்லை, அவ்வளவுதான்.

2014 முதல் ஆஸ்திரேலிய அரசு புதிய கொழும்புத் திட்டம் என்ற பெயரில் பயணத்தைத் திருப்பியிருக்கிறது. இப்போது அங்கிருந்து இளநிலை மாணவர்கள் உதவித்தொகையில் ஆசியாவுக்கு வருகிறார்கள். இந்தோனேசியா, இந்தியா, இலங்கை, வியட்நாம் என்று பல நாடுகளுக்கு, சில வாரமோ ஒரு செமஸ்டரோ. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி விடுதி, அதில் தனி மெஸ், காரம் குறைத்த சாப்பாடு. ஈப்போ பெரியவரின் பேத்தி சென்னையில் படிக்கிறாள். போன செமஸ்டரில் அப்படி வந்த அடிலெய்டு மாணவி ஒருத்தியைப் பொங்கலுக்குத் தன் தோழியின் ஊருக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். விடுதி வார்டனிடம் அனுமதி வாங்கவே இரண்டு வாரம் ஆனதாம். சர்க்கரைப் பொங்கலைப் பார்த்ததும் அந்தப் பெண், எங்கள் பாட்டி வீட்டிலும் அரிசியை இப்படித்தான் இனிப்பாகச் செய்வார்கள் என்று சொல்லி இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.